பழைய நாற்காலியை புதுசாக்கப் போறீங்களா? உப்புத்தாளை எடுக்கும் முன் இதைப் படிச்சிடுங்க!

ஒரு பழைய நாற்காலி, ரெண்டு உப்புத்தாள், அரை லிட்டர் பெயின்ட். 30 நொடி ரீல்ஸில் பார்க்கும்போது எல்லாமே சுலபமாகத்தான் தெரிகிறது. காயலான் கடையில் கிடந்த சாமான், வீடியோ முடிவதற்குள் ஷோரூம் பொருளாக மாறி நிற்கிறது. பார்க்கிற நமக்கும் கை துறுதுறுக்கிறது.

ஆனால் அந்த வீடியோக்கள் பெரும்பாலும் ரெண்டு விஷயத்தைக் காட்டுவதில்லை. ஒன்று, அந்த நாற்காலி இவ்வளவு வேலைக்கும் தகுதியானதா என்பது. இன்னொன்று, சுரண்டிய பழைய பெயின்ட் தூசி எங்கே போகிறது என்பது. முதலாவது உங்கள் பணம் சம்பந்தப்பட்டது. இரண்டாவது உங்கள் வீட்டுக் குழந்தையின் ஆரோக்கியம் சம்பந்தப்பட்டது.

பழைய மரச்சாமானை எப்படித் தேர்ந்தெடுப்பது, எதைத் தொடவே கூடாது, எந்தப் பழைய பொருளை வைத்து அழகாக்கலாம், செலவு எவ்வளவு ஆகும்? விரிவாகப் பார்க்கலாம்.

அப்சைக்கிளிங் என்றால் என்ன?

பழைய பேப்பரை அரைத்து மறுபடி பேப்பராக்குவது மறுசுழற்சி, அதாவது ரீசைக்கிளிங். பொருளை அரைக்காமல், உருக்காமல், இருக்கிற வடிவத்தை வைத்தே முன்பைவிட மதிப்புள்ளதாக மாற்றுவதுதான் அப்சைக்கிளிங். இந்தச் சொல் 1994-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ரெய்னர் பில்ஸ் என்பவர் அளித்த பேட்டி மூலம் வெளியே தெரிய வந்ததாகச் சொல்வார்கள்.

சொல் புதுசு, பழக்கம் நமக்குப் பழசு. கிழிந்த புடவை தொட்டிலானதும், வேட்டி கரித்துணியானதும், பழைய கதவு பரண் பலகையானதும் நம்ம வீட்டில் நடந்ததுதான். அன்றைக்கு அது சிக்கனம். இன்றைக்கு அதுவே ஃபேஷன்.

இப்போது ஏன் இது முக்கியம்?

மூன்று காரணங்கள் சொல்லலாம்.

முதல் காரணம், மரம். பழைய வீடுகளில், குறிப்பாகச் செட்டிநாட்டு வீடுகளில் இருப்பது பர்மா தேக்கு. மியான்மர் அரசு 2014 ஏப்ரல் முதல் தேக்கை வெட்டுமரமாக ஏற்றுமதி செய்வதற்குத் தடை போட்டது. அந்தக் காலத்தில் முற்றிய மரத்தில் செய்த நாற்காலிக்கு இணையான மரத்தை இன்று புதிதாக வாங்கப் போனால் விலையைக் கேட்டே தலை சுற்றும். அதே மரம் யாரோ ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் மழையில் நனைந்துகொண்டு கிடக்கும்.

இரண்டாவது, குப்பை. அமெரிக்காவில் 2018-ம் ஆண்டில் மட்டும் 1.21 கோடி டன் மரச்சாமான்களும் வீட்டு அலங்காரப் பொருட்களும் குப்பைக்கு வந்தன. அதில் சுமார் 80 சதவிகிதம் நேராக மண்ணில் புதைக்கப்பட்டது என்கிறது அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை ஃபர்னிச்சரை மாற்றும் பழக்கம் இப்போது நம் ஊர் அபார்ட்மென்ட்களுக்கும் வந்துவிட்டது.

மூன்றாவது, போகி. 'பழையன கழிதல்' என்று பெயின்ட் அடித்த மரத்தையும், ரெக்ஸின் சோபாவையும், பிளைவுட்டையும் எரிக்கும்போது வருவது வெறும் விறகுப் புகை அல்ல. பெயின்ட், பசை, பிளாஸ்டிக் எல்லாம் சேர்ந்த நச்சுப்புகை. 2018 போகி அன்று புகையும் பனியும் சேர்ந்துகொண்டதில் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தாமதமாயின.

பழைய சாமான் எங்கே கிடைக்கும்?

வெளிநாடுகளில் 'த்ரிஃப்ட் ஸ்டோர்' என்று தனிக் கடைகள் உண்டு. மக்கள் தானமாகக் கொடுக்கும் பழைய பொருட்களை அங்கே குறைந்த விலைக்கு விற்பார்கள். நம் ஊரில் அந்த வேலையைப் பல இடங்கள் பிரித்துச் செய்கின்றன.

• காயலான் கடை: இரும்பு ஃபிரேம், தையல் மிஷின் ஸ்டாண்ட், பழைய பீரோ.
• இடித்த கட்டடச் சாமான் விற்கும் கடைகள்: கதவு, ஜன்னல், நிலை, உத்தரம். நல்ல மரம் மலிவாகக் கிடைக்க முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.
• ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ்: வீடு மாறுகிறவர்கள் அவசரத்துக்கு விற்பது. மாதக் கடைசியில் பார்த்தால் பேரம் படியும்.
• காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு: செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பழம்பொருட்களுக்குப் பெயர்போன இடம். இங்கே மலிவை எதிர்பார்க்காதீங்க, தரத்துக்குத்தான் விலை.
• சென்னை எழும்பூர் பாந்தியன் சாலை துணிக்கடைகள்: சோபா, திரைச்சீலைத் துணிகளில் மிச்சம் விழுந்த துண்டுகள்.

ஒரு எச்சரிக்கை. தேரிலிருந்தோ கோயிலிலிருந்தோ வந்த மாதிரி தெரியும் மரச்சிற்பங்களை 'டீபாய் கால் ஆக்கிக்கலாம்' என்று வாங்கிவிடாதீங்க. 1972-ம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கலைப்பொருட்களை விற்கும் தொழில் செய்ய உரிமம் வேண்டும். தனிநபர் யாரும் அவற்றை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லவும் முடியாது.

எதை வாங்கலாம்? 'எலும்பு' பார்த்து வாங்குங்க

நிறம், துணி, பாலிஷ் இவற்றைப் பார்த்து ஏமாறுவதுதான் அதிகம். இதெல்லாம் மேல்தோல், எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாதது மரமும் மூட்டுகளும்தான். அதனால் சாமானைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்க. அடிப்பக்கத்தில்தான் உண்மை தெரியும்.

'கனமா இருந்தா நல்ல மரம்' என்பது பலரின் நம்பிக்கை. இது சரியல்ல. மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை, பல நேரம் தேக்கைவிடக் கனமாக இருக்கும். எடையை வைத்து முடிவு செய்யாமல் ஓரத்தைப் பாருங்க.

• உண்மையான மரம் என்றால், மேல்பரப்பில் ஓடும் ரேகை ஓரத்தில் வளைந்து தொடரும்.
• பிளைவுட் என்றால், ஓரத்தில் அடுக்கடுக்காகக் கோடுகள் தெரியும். ஐஎஸ்ஐ முத்திரையோடு 303 என்ற எண் இருந்தால் சாதாரணப் பயன்பாட்டுக்கான பிளைவுட். 710 என்றால் தண்ணீரைத் தாங்கும் மரைன் பிளைவுட். இரண்டையும் நம்பி வேலை செய்யலாம்.
• பார்ட்டிகிள் போர்டு என்றால், ஓரத்தில் மரத்துகள்கள் கடலைமிட்டாய் மாதிரி ஒட்டியிருக்கும். தண்ணீர் பட்டால் உப்பிவிடும். ஒருமுறை கழன்ற ஸ்க்ரூ அதே துளையில் மறுபடி பிடிக்காது. உப்பிய பார்ட்டிகிள் போர்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழியே இல்லை. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்தது ஆட்டம். நாற்காலியின் முதுகைப் பிடித்து மூலைவாட்டில் அசைத்துப் பாருங்க. ஆடினால் பயப்பட வேண்டியதில்லை. மூட்டில் பசை விட்டிருக்கும், சரிசெய்துவிடலாம். ஆனால் கால் மரமே நீளவாட்டில் பிளந்திருந்தால் விட்டுவிடுவது நல்லது.

ஆடும் மூட்டில் ஆணி அடிப்பதுதான் நம்ம ஊரில் அதிகம் நடக்கும் தவறு. ஆணி மரத்தைப் பிளக்கும். கொஞ்ச நாளில் ஆணியே துளையைப் பெரிதாக்கி, ஆட்டம் முன்பைவிட அதிகமாகும். சரியான முறை: மூட்டைக் கழற்றி, காய்ந்த பழைய பசையை முழுசாகச் சுரண்டிவிட்டு, புது மரப்பசை தடவி மறுபடி பொருத்த வேண்டும். பழைய பசை மேல் புதுப்பசை ஒட்டாது. பிறகு நைலான் கயிற்றைச் சுற்றிக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் மூட்டு இறுகும். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டுவிடுங்க.

பூச்சி இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிப்பது?

குண்டூசித் தலை அளவுக்குச் சின்னச் சின்ன ஓட்டைகள், அதன் கீழே மாவு மாதிரி தூள். இது இருந்தால் மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஓட்டை மட்டும் இருந்து தூள் இல்லை என்றால் பழைய பாதிப்பாக இருக்கலாம். உறுதி செய்ய, சாமானைத் தட்டிவிட்டு அடியில் கறுப்புத் தாள் ஒன்றை விரித்து நாலைந்து நாள் வெளியிலேயே வையுங்க. தாளில் புதுசாகத் தூள் விழுந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது.

கரையான் வேறு ரகம். வெளியே மண் பூசியது போன்ற தடம் இருக்கும், உள்ளே மரம் கூடாகியிருக்கும். ஸ்க்ரூடிரைவர் பின்பக்கத்தால் தட்டினால் பொள்ளல் சத்தம் வரும். அதை வீட்டுக்குள்ளே கொண்டு வந்தால் நிலைக்கதவுக்கும் சேர்த்து ஆபத்து.

மூன்றாவது, மூட்டைப்பூச்சி. சோபா, மெத்தையின் தையல் மடிப்புகளில் கறுப்புப் புள்ளிகள் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்க. மூட்டைப்பூச்சியும் அதன் முட்டையும் சாக சுமார் 50 டிகிரி செல்சியஸ் வெப்பம் உள்ளே வரை போக வேண்டும். நம்ம ஊர் வெயிலில் மேல் துணி சுடும். ஃபோமுக்கு நடுவே அந்தச் சூடு போகும் என்று நம்ப முடியாது. அதனால் பழைய சோபா வாங்கினால் ஃபிரேமுக்காக மட்டும் வாங்குங்க. துணியும் ஃபோமும் வாசலிலேயே கழியட்டும். பழைய மெத்தையை வாங்கவே வேண்டாம்.

பழைய பெயின்ட்டில் என்ன ஆபத்து?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால், இதைப் படியுங்க.

பழைய எனாமல் பெயின்ட்டில் காரீயம் இருக்க வாய்ப்பு அதிகம். நிறம் பளிச்சென்று இருக்கவும், சீக்கிரம் காயவும், துரு பிடிக்காமல் இருக்கவும் அதைச் சேர்த்தார்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை போன்ற அடர் நிறங்களில் இந்தச் சந்தேகம் இன்னும் கூடுதல். பழைய இரும்புச் சாமானில் பிரைமராக அடித்த 'ரெட் லெட்' என்பதே காரீயம்தான். இப்போது கிடைக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர் வேறு. அதன் நிறம் இரும்பு ஆக்சைடிலிருந்து வருகிறது.

இங்கே ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழில் 'ஈயம்' என்று பொதுவாகச் சொன்னாலும் உலோகங்கள் ரெண்டு. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச்சொம்பில் இருக்க வேண்டியதும் வெள்ளீயம். பெயின்ட்டில் இருந்தது காரீயம். நஞ்சு என்பது காரீயத்தைத்தான்.

இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் காரீயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி கொண்டு வந்தது. அதாவது 10 லட்சம் பங்கில் 90 பங்கு. அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1-ம் தேதி. அப்படியென்றால், அதற்கு முன் பெயின்ட் அடித்த எந்தப் பொருளையும் காரீயம் இருப்பதாகவே நினைத்துக் கையாள்வதுதான் பாதுகாப்பு. நீங்கள் வாங்கப் போகும் 'பழைய' சாமான் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் வரும்.

காரீயத்தில் 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று பாதுகாப்பான அளவு எதுவும் கண்டறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்களைவிடச் சின்னக் குழந்தைகளின் உடல், வயிற்றுக்குள் போகும் காரீயத்தை 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சும். தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் வயது அது. மூளை வளர்ச்சி, கவனம், கற்கும் திறன் எல்லாம் பாதிக்கப்படும். அந்தப் பாதிப்பு திரும்பச் சரியாகாமலே போகலாம். வெளியே அறிகுறி எதுவும் தெரியாது என்பதுதான் இதில் பெரிய சிக்கல்.

சுவரிலோ மரத்திலோ உரியாமல் அப்படியே இருக்கும் பெயின்ட்டால் உடனடி ஆபத்து குறைவு. அதை உலர்வாகத் தேய்த்துத் தூசியாக்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. அதாவது, ரீல்ஸில் நாம் பார்க்கும் அந்த 'முதல் ஸ்டெப்'பில்.

அப்போ எப்படிச் சுரண்டுவது?

முதல் கேள்வி: சுரண்டியே ஆகணுமா? பெயின்ட் எங்கேயும் உரியாமல் உறுதியாக இருந்தால், ஈரத்துணியால் துடைத்து, ஈரமாக லேசாகத் தேய்த்து, பிரைமர் அடித்து, மேலேயே புது பெயின்ட் அடித்துவிடலாம். பழைய காரீயம் உள்ளேயே அடைந்திருக்கும்.

சுரண்டித்தான் ஆக வேண்டும் என்றால்:

• வீட்டுக்குள் வேண்டாம். மொட்டை மாடியிலோ வாசலிலோ, காற்று அதிகம் இல்லாத நேரத்தில் செய்யுங்க. கீழே பிளாஸ்டிக் ஷீட் விரியுங்க.
• குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது.
• கைக்குட்டை கட்டுவது போதாது. குறைந்தபட்சம் என்95 மாஸ்க், கையுறை வேண்டும்.
• சாதாரண உப்புத்தாளுக்குப் பதில் வாட்டர் பேப்பர் வாங்குங்க. தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்த்தால் தூசி பறக்காமல் சேறாக வரும்.
• சாண்டர் மிஷின், கிரைண்டர் வேண்டவே வேண்டாம். அவை தூசியைத் தெரு வரை பரப்பும்.
• புளோ லேம்ப் வைத்துப் பெயின்ட்டை எரித்து உரிக்காதீங்க. அந்தப் புகையிலேயே காரீயம் வரும்.
• பெயின்ட் ரிமூவர் பயன்படுத்தினால் திறந்த வெளியில், நெருப்புக்குத் தூரமாக வைத்துப் பயன்படுத்துங்க.
• வேலை முடிந்ததும் பெருக்காதீங்க. ஈரத்துணியால் துடைத்து, ஷீட்டோடு சுருட்டிக் கட்டுங்க. போட்டிருந்த துணியைத் தனியாகத் துவையுங்க. கை, முகம் கழுவாமல் சாப்பாட்டைத் தொடாதீங்க.

பழைய தொட்டில், குழந்தை கட்டில், விளையாட்டு நாற்காலி போன்றவற்றில் பழைய பெயின்ட் இருந்தால் இந்த வேலையே வேண்டாம். குழந்தைகள் கடிக்கும் பொருள் அது. பெயின்ட்டே இல்லாமல் வெறும் பாலிஷ் மட்டும் போட்ட மரத்தில் இந்தக் கவலை குறைவு. அதனால் முதல் முறை செய்பவர்கள் பாலிஷ் போட்ட சாமானில் தொடங்குவது நல்லது.

இப்படிப்பட்ட தூசி வீட்டுக்குள் பரவியிருக்கிறது, குழந்தை அங்கே விளையாடியிருக்கிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்க. ரத்தத்தில் காரீயத்தின் அளவைப் பார்க்கத் தனிப் பரிசோதனை உண்டு.

எதை வைத்து அழகாக்கலாம்?

எலும்பு நன்றாக இருக்கிறது, சுரண்டலும் முடிந்தது. இனிதான் சுவாரஸ்யமான பகுதி. மேல்வேலைக்கும் புதுப்பொருள் வாங்கத் தேவையில்லை.

பருத்திப் புடவை: டைனிங் நாற்காலி இருக்கை சுமார் 18 அங்குலச் சதுரம். நாலு பக்கமும் மடிக்க 3 அங்குலம் விட்டால் 24 அங்குலம் வேண்டும். ஐந்தரை மீட்டர் புடவை ஒன்றில் ஆறு இருக்கைக்குத் தாராளமாகத் துணி கிடைக்கும், முந்தானையும் மிஞ்சும். ஆனால் புடவைத் துணி மெல்லிசு. அடியில் கான்வாஸ் அல்லது பழைய ஜீன்ஸ் துணி ஒரு அடுக்கு கொடுத்தால்தான் உழைக்கும். பழைய பட்டுப்புடவை இருக்கைக்கு ஆகாது. மடிப்பு மடிப்பாகக் கிழியும். அதை ஸ்கிரீன், கண்ணாடி ஃபிரேம், அலமாரியின் உட்புறம் போன்ற உராய்வு இல்லாத இடத்தில் ஒட்டுங்க.

ஜமக்காளம்: பவானி ஜமக்காளம் மாதிரி கெட்டியான நெசவு, பெஞ்சு, ஸ்டூலுக்கு அருமையாகப் பொருந்தும். நடுவில் தேய்ந்த ஜமக்காளத்தில்கூட ஓரங்கள் நன்றாக இருக்கும். முதலில் துவைத்துக் காயவைத்து, சுருங்க வேண்டியது சுருங்கின பிறகு வெட்டுங்க.

கோரைப்பாய்: அலமாரிக் கதவில் உடைந்த கண்ணாடிக்குப் பதிலாகப் பாயை வெட்டிப் பொருத்தினால் காற்றும் போகும், பார்க்கவும் அழகு. ஓரம் பிரியாமல் இருக்க, வெட்டும் முன்னே துணி நாடா வைத்துத் தைத்துவிடுங்க.

கூடை ஒயர், கட்டில் நாடா: இருக்கை போன இரும்பு நாற்காலிக்கு இதைவிட மலிவான தீர்வு இல்லை. கூடை பின்னத் தெரிந்தவர்கள் வீட்டிலேயே பின்னலாம். மழையில் நனைந்தாலும் கெடாது, பால்கனிக்கு ஏற்றது.

பிரம்பு: பிரம்பு இருக்கை தொய்ந்து மட்டும் போயிருந்தால் மாற்ற வேண்டாம். நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்பக்கம் வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டு ஊறவைத்து, நிழலில் காயவிடுங்க. பிரம்பு தானாக இறுகும். அறுந்திருந்தால் பின்னத்தான் வேண்டும். பார்வையற்றோருக்கான தொழிற்பயிற்சியில் நாற்காலி பின்னுவது நீண்ட காலமாக இருந்து வருகிறது. உங்கள் ஊரில் அப்படிப் பின்னித் தருபவர்கள் இருந்தால் வேலையை அவர்களிடம் கொடுங்க. பொருளும் பிழைக்கும், ஒரு கைத்தொழிலும் பிழைக்கும்.

தையல் மிஷின் ஸ்டாண்ட்: வார்ப்பிரும்புக் கால் மேல் பழைய கதவுப் பலகையைப் போட்டால் ஸ்டடி டேபிள் ரெடி. கீழே இருக்கும் சக்கரத்தையும் மிதியையும் அசையாமல் கட்டிவிட மறக்காதீங்க. குழந்தைகளின் விரல் மாட்டும் இடம் அது.

மிச்சமான ஆத்தங்குடி டைல்ஸ்: வீடு கட்டியவர்களிடம் நாலைந்து மிச்சம் இருக்கும். டீபாய் மேல் பதிக்கலாம். கனம் அதிகம் என்பதால் கால்கள் உறுதியாக இருக்க வேண்டும். சிமென்ட் டைல்ஸ் என்பதால் பாத்ரூம் ஆசிட் போட்டுத் துடைத்துவிடாதீங்க, பூவேலை அரித்துப்போகும்.

சரக்குப் பலகை: கம்பெனிகளில் சரக்கு அடுக்கும் மரச்சட்டங்கள், அதாவது பேலட், மலிவாகக் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து வந்தவற்றில் கோதுமைக் கதிர் சின்னத்தோடு ஒரு முத்திரை இருக்கும். அதில் 'ஹெச்டி' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் மரம் சூடுபடுத்திப் பதப்படுத்தப்பட்டது, எடுக்கலாம். 'எம்பி' என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லி வாயு ஏற்றியது, வேண்டாம். எண்ணெய், ரசாயனக் கறை இருந்தாலும் வேண்டாம்.

பாலிஷ் போடும்போது கவனிக்க வேண்டியது

நல்ல தேக்குக்கு, ஈட்டி மரத்துக்குப் பெயின்ட் அடித்து ரேகையை மறைக்காதீங்க. 120, 180, 220 என்று நம்பரை ஏற்றிக்கொண்டே போய், ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும், அது பாலிஷ் போட்ட பிறகுதான் பளிச்சென்று தெரியும். சின்னப் பள்ளங்களை அதே மரத்தின் தூளையும் மரப்பசையையும் குழைத்து அடைக்கலாம்.

அரக்கில் செய்யும் பிரெஞ்ச் பாலிஷ் அழகு. ஆனால் சூடான காபி டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். டைனிங் டேபிளுக்கு அது சரிவராது. சூடும் தண்ணீரும் தாங்கும் பாலியூரித்தேன் பாலிஷ் நல்லது.

முக்கியமான விஷயம் ஒன்று. ஆளிவிதை எண்ணெய், அதாவது லின்சீட் ஆயில் தடவிய துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீங்க. அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். சுருட்டி வைத்த துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல், யாரும் பற்றவைக்காமலே தீப்பிடிக்கும். துணியை விரித்து வெளியே காயப்போடுங்க, இல்லையென்றால் தண்ணீர் நிறைந்த டப்பாவில் மூழ்க வையுங்க.

உண்மையிலேயே மிச்சமாகுமா?

'500 ரூபாய்க்கு வாங்கினேன்' என்பது பாதிக் கணக்குதான். வண்டி வாடகை, ஆசாரி கூலி, பாலிஷ், ஃபோம் எல்லாம் சேர்த்துதான் விலை. ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஊருக்கு ஊர் விலை மாறும். கணக்குப் போடும் முறைக்காக மட்டும் இது.

• நாலு மர நாற்காலி, ஒன்று 800 ரூபாய் வீதம்: 3,200
• வண்டி வாடகை: 700
• மூட்டுகளைச் சரிசெய்யும் கூலி: 2,000
• உப்புத்தாள், பசை, பாலிஷ்: 1,200
• ஃபோம், ஸ்டேப்பிள், அடித்துணி: 1,400

மொத்தம் 8,500 ரூபாய். ஒரு நாற்காலி 2,125 ரூபாய். இந்த விலைக்குக் கடையில் புதிய தேக்கு நாற்காலி கிடைக்குமா என்று கேளுங்க. கிடைக்காது என்றால் லாபம். இதே செலவைப் பார்ட்டிகிள் போர்டு டேபிளுக்குச் செய்தால் முழு நஷ்டம். வேலை ஒன்றுதான், செலவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். லாபமா நஷ்டமா என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் முதல் நாள் தேர்ந்தெடுத்த மரம்தான்.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியுமா?

முடியாது, தேவையும் இல்லை. செல்லரித்தது, உப்பியது, மூட்டைப்பூச்சி ஏறியது எல்லாம் வீட்டை விட்டுப் போகத்தான் வேண்டும். ஆனால் போவது நெருப்புக்கோ, கூவம் கரைக்கோ அல்ல. சென்னையில் இருப்பவர்கள் மாநகராட்சி உதவி எண் 1913-க்கு அழைத்து, பெரிய சாமான்களை எப்படி ஒப்படைப்பது என்று கேட்கலாம். மற்ற ஊர்க்காரர்கள் அந்தந்த மாநகராட்சி, நகராட்சி அலுவலகத்தில் விசாரிக்கலாம். தூக்கிப்போடும் முன் கீல், கைப்பிடி, பூட்டு, கண்ணாடி, நல்ல பலகை இவற்றைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்க. அடுத்த வேலைக்கு உதவும்.

புதுசாக்கிய உயரமான அலமாரியை, டிராயர் செட்டைச் சுவரோடு ஒரு பட்டை வைத்து ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிடுங்க. குழந்தைகள் டிராயரை இழுத்து அதன் மேல் ஏறினால் அலமாரி அப்படியே முன்பக்கம் சாயும். பழைய சாமானுக்கும் புதிய சாமானுக்கும் இது பொருந்தும்.

சுருக்கமாகச் சொன்னால்

• கவிழ்த்துப் பார்த்து வாங்குங்க. மரமும் மூட்டும் சரியென்றால் மட்டும் பணம் கொடுங்க.
• தூள் கொட்டும் மரம், உப்பிய பலகை, பழைய மெத்தை மூன்றும் வேண்டாம்.
• 2017-க்கு முந்தைய பெயின்ட் என்றால் காரீயம் இருப்பதாகவே நினையுங்க. உலர்வாகத் தேய்க்காதீங்க, எரிக்காதீங்க.
• குழந்தைகள் சாமானில் பழைய பெயின்ட் இருந்தால் ஒதுக்கிவிடுங்க.
• வண்டி வாடகை முதல் பாலிஷ் வரை கணக்குப் போட்ட பிறகு பேரம் பேசுங்க.

அடுத்த முறை யாராவது மொட்டை மாடியில் கிடக்கும் தாத்தா காலத்து நாற்காலியை 'போகிக்குப் போட்டுடலாம்' என்று சொன்னால், முதலில் அதைக் கவிழ்த்து வைத்து ஒரு பார்வை பாருங்க. மரம் நல்லதாக இருந்தால், இன்னும் ஒரு தலைமுறைக்கு அதில் உட்காரலாம்.